மதகில் நின்று எடுத்த படங்கள்

கேள்வி: "டெல்டாவில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஊரின் அன்றாட வாழ்க்கையையும் பருவங்கள் மாறுவதையும் படமாக எடுத்து வைக்க ஆசை. கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, எதை எடுப்பது?"

செல்போன் தாராளமாகப் போதும். 2019 தைப் பொங்கலிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கும் படங்கள் எல்லாமே செல்போனில் எடுத்தவைதான், இடையில் மூன்று போன் மாறிவிட்டது, அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில்: ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை விடாதீர்கள். ஊர் ஊராக அலைய வேண்டாம். நீங்கள் ஒரே இடத்தில் நின்றால்தான் உங்களுக்கு முன்னால் மற்றதெல்லாம் நகர்வது தெரியும்.

நான் தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து எங்கள் பக்கத்தையும் புரட்டிப் போட்டது. கொல்லையில் தாத்தா காலத்து நாட்டு மாமரம் ஒன்று இருந்தது, அது வேரோடு சாய்ந்து மாட்டுக்கொட்டகை மேல் கிடந்தது. வெட்டி அப்புறப்படுத்தி, கரண்ட் வந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அந்த மரத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வீட்டு ஆல்பம், உறவுக்காரர்கள் போன் என்று ஒன்று விடாமல் தேடினேன். அகப்பட்டது ஒரே ஒரு படம். அக்கா மகளின் காதுகுத்து, மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுகிறது, மாமன் தலைக்குப் பின்னால் ஒரு முழத்துக்கு அடிமரம் தெரிகிறது. நாற்பது வருஷம் எங்களுக்குப் பழம் கொடுத்த மரத்தை, அந்த மரத்துக்காக ஒரு தடவைகூட யாரும் படம் எடுக்கவில்லை. அது என்னை ரொம்ப உறுத்தியது. தை பிறந்ததும் எடுக்கத் தொடங்கினேன்.

நான் பிடித்த இடம் தெருக்கோடியில் இருக்கும் சின்ன மதகு. பாமணியாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் அங்கேதான் வயலுக்குத் திரும்புகிறது. கிழக்கே பார்த்து நின்றால் காலடியில் வாய்க்கால், எதிரே வயல், தூரத்தில் இடப்பக்கம் மூன்று பனை, நடுவில் பிள்ளையார் கோயில், வலப்பக்கம் செல்போன் டவர். மதகுக் கட்டையில் சிமெண்ட் பெயர்ந்த இடம் ஒன்று உண்டு, என் வலது கால் எப்போதும் அதன் மேல்தான். போனில் கட்டம் போடும் கோடுகளைப் போட்டுவிட்டு, முதல் பனை இடது கோட்டிலும் டவர் வலது கோட்டிலும் வருகிற மாதிரி பிடிப்பேன், ஜூம் செய்யவே மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு படம், வேறு விசேஷம் இருந்தால் அதற்கு ஒன்று. இதில் கலை ஒன்றும் இல்லை, பழக்கம்தான். ஆனால் ஒரு வருஷப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனியில் சூரியன் பனைகளுக்கும் இடப்புறம் தள்ளி எழும்புகிறது, மார்கழியில் டவரையும் தாண்டி வலப்புறம் போய்விடுகிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் வாசித்துவிட்டுப் போவோமே, அது என் போனில் பனைக்கும் டவருக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். நம் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும், உச்சியில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வருகிறது, நம் நிழல் காலுக்கடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நாட்களில் மத்தியானம் முகத்தை எடுத்தால் கண்ணெல்லாம் குழியாக விழும், எடுக்காதீர்கள். தரையை எடுங்கள், கிணற்றுக்குள்ளே எடுங்கள்.

சரி, பருவம். இங்கே பருவம் என்றால் வெயில், மழை, பனி மட்டும் இல்லை, தண்ணீர் எப்போது வந்தது என்பதும்தான், சொல்லப்போனால் முதலில் அதுதான். மேட்டூரில் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வழக்கம் வேறு, நடப்பு வேறு. 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல் ஜூன் 12-க்கே திறந்தார்கள், 2022-ல் அணைக்கு நல்ல வரத்து இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. இதை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். என் மதகுப் படத்தில் பாருங்கள்: 2022 ஜூன் கடைசி ஞாயிறு, தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிய வயல் முழுக்க வானம் கிடக்கிறது, வரப்போரம் நாற்றுமுடி எறிந்து கிடக்கிறது, ஒரு பக்கம் நட்டும் விட்டார்கள். 2024 ஜூன் கடைசி ஞாயிறு, அதே மூன்று பனை, அதே கோயில், வயலில் பாளம் பாளமாக வெடிப்பு, நாலு ஆடு, பம்புசெட் வைத்தவர் வயல் மட்டும் தூரத்தில் ஒரு பச்சைத் துண்டு. இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை எடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2020-ல் முதல் தண்ணீர் வந்த படங்கள். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், அப்புறம் வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து, முறை வைத்து எங்கள் வாய்க்காலுக்குள் நுழைவதற்குள் இன்னும் எத்தனையோ நாள். ஊரடங்கு நேரம், திருப்பூரிலும் சென்னையிலும் இருந்த பையன்கள் எல்லாம் ஊரில்தான் இருந்தார்கள், கரை முழுக்க ஆள். தண்ணீர் திமுதிமுவென்று வரும் என்று நினைத்தால் அப்படி இல்லை, மனுசன் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் வந்தது. நான் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிக் குத்தவைத்து, போனைத் தரையோடு பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தேன். முன்னால் பழுப்பு நுரை, அது தள்ளிக்கொண்டு வரும் சருகு, ஒற்றைச் செருப்பு, ஷாம்பு பாக்கெட், அதற்கும் முன்னால் உயிருக்கு ஓடுகிற எறும்புக் கூட்டம். ஒரு வெடிப்பு வந்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது, வெடிப்புக்குள் இறங்கி, உள்ளேயிருந்து காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வந்து, உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கிறது, நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி வைக்கிறது. அந்தக் கொப்புளங்களை மட்டும் பதினோரு படம் எடுத்தேன். கரையில் ஒரு பெரியவர் கையிலிருந்த நெல்லை அதன் மேல் தூவிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கொப்புளத்தில் கவனமாக இருந்ததால் அவரை எடுக்காமல் விட்டுவிட்டேன், அது இன்னும் மனதில் நிற்கிறது.

எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காட்சியை எடுக்காதீர்கள், வேலையை எடுங்கள் என்பேன். பச்சை வயல், கொக்கு, அஸ்தமனம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது எந்த மாதம், எந்த வருஷம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைகள் என்ன செய்கின்றன என்று எடுத்தால் மாதம் தானாக அதில் வந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு முன்னால் தெருவில் சின்னத் தேர் மாதிரி சப்பரத் தட்டி கட்டுகிற பிள்ளைகள், ஐப்பசி அடைமழையில் உரச் சாக்கைத் தலையோடு கொங்காணி போட்டுக்கொண்டு மடை அடைக்கப் போகிறவர், தையில் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியல் மேல் தார்ப்பாய் இழுக்கிறவர்கள், அறுப்பு முடிந்த வயலில் இறங்கும் வாத்துக் கூட்டமும் அதற்குப் பின்னால் கோலோடு போகிற ஆளும், பங்குனியில் ரோட்டிலேயே உளுந்துச் செடியைப் பரப்பி பஸ், லாரி ஏறட்டும் என்று காத்திருக்கும் பெண்கள், கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து வயலில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள். இதற்கு மேல் எழுதினால் பட்டியலாகிவிடும், உங்கள் ஊரில் நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரியாததாகவும் இருக்கும்.

வருஷம் போகப் போக வேலையே மாறுவதும் படத்தில் விழும். என் 2019 படங்களில் தெருவில் வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் நிற்கிறது. இப்போது வயலிலேயே இயந்திரம் சுருட்டிக் கட்டிய உருளைகள்தான், அதையும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, போர் இரண்டு வீட்டில் மட்டும். கை நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள், கயிறு பிடித்து அவர்கள் நடுகிற வேகமே வேறு. இதையெல்லாம் நான் திட்டம் போட்டு எடுக்கவில்லை, மதகில் நின்றேன், முன்னால் நடந்தது.

கிட்டத்தில் போய் எடுக்கவும் பழகுங்கள். அத்தை வாசலில் நெல் காயப்போட்டிருந்த ஒரு மாசி மாதக் காலை. அரை மணிக்கு ஒரு தடவை அவர் அதற்குள் நடப்பார், பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு சால், போன வரிசைக்கு ஒட்டினாற்போல் அடுத்த வரிசை. வாசல் முழுக்கக் கோடு விழுந்திருக்கும். சால் விளிம்பில் நெல் சரிந்து மறுபடி உருளும், கால் விரல் இடுக்கில் இரண்டு மணி சிக்கியிருக்கும், கணுக்கால் வரை உமித்தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும், பழைய மெட்டி தேய்ந்து நூல் மாதிரி ஆகியிருக்கும். தரைக்குப் பக்கத்தில் போனை வைத்து எடுத்தேன். "ஏன்டா, மூஞ்சிய விட்டுட்டு காலப் போயி எடுக்குற?" என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா கால் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி நெல்லுக்குள் இறங்கிவிட்டார். அத்தையின் முகத்தை எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, அவர் அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்ப்பது இதைத்தான்.

வெளிச்ச விஷயத்தில் இரண்டு மூன்று சொல்கிறேன். நடவு வயலில் வெள்ளைக் கொக்கு நின்றால் சும்மா எடுத்தால் கொக்கு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், திரையில் கொக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்துக்கு வெளிச்சம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், இறகு தெரியும். மார்கழிப் பனிக்கு இதற்கு நேர்மாறு, போன் தானாகவே பனியைச் சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் ஏற்றி வையுங்கள். அந்த மாதத்தில் லென்ஸ் மேல் ஈரம் படியும், வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுத்தாலே பாதிப் படம் தேறிவிடும்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்களைப் பின்னாலிருந்து எடுப்பது தப்பு, அவர்கள் நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்து, சரி என்று சொன்ன பிறகு எடுக்கிற படம் தனி அழகு. "பேப்பர்ல போடுவியா தம்பி?" என்று கேட்பார்கள். போட மாட்டேன், உங்களுக்கே தருகிறேன் என்று சொல்லி, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அடுத்த வருஷம் அவர்களே கூப்பிடுவார்கள்.

வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். 2021 வைகாசியிலிருந்து புரட்டாசி வரை என்னிடம் ஒரு படமும் இல்லை, மெமரி கார்டு ஒரே நாளில் போய்விட்டது, அந்தக் குறுவைச் சாகுபடி முழுக்க என் கையை விட்டுப் போனது. இப்போது மாதக் கடைசியில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. மாதத்துக்கு ஒரு ஃபோல்டர், "2024 ஆவணி" என்ற மாதிரி தமிழ் மாதம்தான், வேலையெல்லாம் அந்தக் கணக்கில்தானே நடக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் படத்தோடு போகாது, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும், நல்ல நாள் பார்க்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு முதலில் இதெல்லாம் வேலையற்ற வேலையாகத்தான் தெரிந்தது. 2024 ஆனியில் நாற்றங்கால் போடலாமா, பொறுக்கலாமா என்று பக்கத்து வயல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர், திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, முந்தின வருஷம் இந்தக் கெழமைக்கு மதகுல தண்ணி எத்தனாவது கல்லு வரைக்கும் நின்னுச்சுன்னு அந்தப் போன்ல பாரு." மூன்றாவது கல். போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.