மாமியார் குடுத்த வைரத்தோட்டை மாத்தி லேப் வைரம் வாங்கலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்லேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மாமியார் குடுத்த ஏழு கல் வைரத்தோடு ஒரு ஜோடி இருக்கு, 1950 வாக்குல செஞ்சது, கோல்கொண்டா கல்லுன்னு வீட்ல சொல்லுவாங்களாம். பொண்ணு கல்யாணத்துக்கு புதுச்சேரில ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனா "கல்லு மங்கிப்போச்சு, கரும்புள்ளி வேற இருக்கு, பெருசா ஒண்ணும் வராது, இதைக் குடுத்துட்டு லேப் வைரத்துல பெரிய செட்டா எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிருக்காங்க. லேப் வைரம், அதாவது லேப்ல செயற்கையா வளர்க்கற வைரம், நெஜ வைரம்தானா, மாத்தலாமா?

அக்கா, கல்லைக் கழட்டி டெஸ்ட் பண்ணி எடை போடாம மாத்தவே மாத்தாதீங்க.

மொதல்ல அந்த மங்கல். வைரத்துல தண்ணி ஒட்டாது ஆனா எண்ணெய் நல்லா ஒட்டும். தென்னாப்பிரிக்கால கிம்பர்லி சுரங்கத்துல இதை வச்சுத்தான் வைரத்தையே பிரிச்சாங்க, கிரீஸ் தடவின மேசை மேல உடைச்ச கல்லையும் தண்ணியையும் சேத்து ஓட விட்டா மத்த கல்லெல்லாம் ஓடிடும், வைரம் மட்டும் கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். உங்க தோட்டுலயும் அதேதான், தேங்காண்ணெய் சீயக்காய் சோப்பு எல்லாம் எத்தனையோ வருஷமா படிஞ்சு, பழைய தோடு பின்பக்கம் மூடின கட்டுங்கறதால உள்ள போன அழுக்கு வெளிய வரவும் வழியில்ல, அப்புறம் கல்லுக்குள்ள போற வெளிச்சம் எப்படி திரும்பி வரும்? கழட்டி சுத்தம் பண்ணா பெரும்பாலும் பழைய ஒளி வந்துடும். மூடின கட்டை வீட்ல தண்ணில ஊற வைக்காதீங்க, பின்னாடி தகடு இருந்தா கறுத்துடும்.

கரும்புள்ளி சமாச்சாரமும் புதுசு இல்ல, காகபாதம் (காக்கா கால் மாதிரி தடம்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு)ன்னு வைரத்தோட நாலு குத்தத்தை சிலப்பதிகாரத்துலயே சொல்லியிருக்கு. மதிப்பு கொறையும்தான், ஆனா எவ்ளோங்கறது கட்டுல இருக்கற கல்லை மேலோட்டமா பாத்து சொல்ற விஷயம் இல்ல. சொல்லப்போனா அந்தப் புள்ளி உங்களுக்கு நல்லது, லென்ஸ்ல பாத்து எந்தக் கல்லுல எங்க இருக்குன்னு எழுதி வச்சுக்கிட்டா அதுதான் உங்க கல்லோட அடையாளம்.

இனி கோல்கொண்டா. கல்லு கெடச்சது ஹைதராபாத் பக்கத்துல இருக்கற கோல்கொண்டா கோட்டைல இல்ல, கிருஷ்ணா கரையில கொல்லூர் மாதிரி சுரங்கங்கள்ல. 1720கள்ல பிரேசில்ல கண்டுபிடிக்கற வரைக்கும் உலகத்துக்கு வைரம் போனதே பெரும்பாலும் நம்ம நாட்டுலேருந்துதான். அப்படி ஒரு பெரிய கல்லை மெட்ராஸ் கவர்னரா இருந்த தாமஸ் பிட் வாங்கி இங்கிலாந்துல பட்டை தீட்டி 1717ல பிரான்ஸ் ராஜப்பிரதிநிதிக்கு வித்தார், 140 கேரட், இன்னிக்கும் பாரிஸ் லூவர் மியூசியத்தோட சேகரிப்புலதான் இருக்கு. ஆனா 1950ல அந்த சுரங்கங்கள் ஓஞ்சு ரொம்ப காலம் ஆச்சு, அதனால உங்க கல்லு அனேகமா தென்னாப்பிரிக்கா கல்லுதான், 1867க்கு அப்புறம் அங்கேருந்துதான் வந்து குவிஞ்சுது. நம்ம பக்கம் பெரியவங்க ப்ளூ ஜாகர்னு பெருமையா சொல்றது கூட அங்க இருக்கற ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தோட பேர்தான், வெயில்ல லேசா நீலம் அடிக்கும். கோல்கொண்டா இல்லையேன்னு வருத்தப்படாதீங்க, இதுவும் பூமிக்கடியில 150 கிலோமீட்டருக்கும் கீழ உருவாகி எரிமலை தள்ளிக்கிட்டு வந்த கல்லுதான்.

நோட்டு செக் பண்ற யூவி லைட் இருந்தா இருட்டுல தோட்டுக்கு அடிச்சுப் பாருங்க. இயற்கை வைரமா இருந்தா பெரும்பாலும் ஏழும் ஒரே மாதிரி எரியாது, ஒண்ணு பளிச்சுன்னு நீலமா, ஒண்ணு லேசா, ஒண்ணு எரியாமலே இருக்கும். இது ஒரு அறிகுறிதான், முடிவு இல்ல. கடையில பேனா மாதிரி வச்சுப் பாப்பாங்களே, அது வைரம் சூட்டை எவ்ளோ வேகமா கடத்துதுன்னு பாக்கற மெஷின், அமெரிக்கன் டைமண்டைப் பிடிச்சுடும், ஆனா வைரம் மாதிரியே இருக்கற மோய்சனைட்ங்கற கல்லை சிலது கோட்டை விட்டுடும், லேப் வைரத்தைப் பிரிக்கவே தெரியாது. சுத்தியல்ல தட்டிப் பாக்கறது, உரசிப் பாக்கறதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், வைரம் கீறாது ஆனா தட்டினா பிளந்துடும்.

லேப் வைரம் நெஜ வைரம்தான், அதுல சந்தேகமே வேண்டாம். அதே கார்பன், அதே கடினம், அதே ஜொலிப்பு. ஒரு முறையில மீத்தேன் கேஸையும் ஹைட்ரஜனையும் சூடாக்கி ஒரு சின்ன வைரத்தகடு மேல கொஞ்சம் கொஞ்சமா வளர்க்கறாங்க. 1955ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி செஞ்சுட்டோம்னு அறிவிச்சப்ப அது கருவிக்கு ஆகற பொடிக்கல்லு, இன்னிக்கு டைல்ஸ் அறுக்கற பிளேடு, ஏசி பைப்புக்கு சுவத்துல ஓட்டை போடற கோர் கட்டர் எல்லாத்துலயும் இருக்கறது அந்த வகைதான். நகைக்கல்லா நம்ம ஊர் கடைக்கு வந்தது சமீபத்துலதான், அதனால 1950 தோட்டுல இருக்கறது வைரம்னு தெரிஞ்சாலே, நடுவுல யாரும் கல்லை மாத்தாத வரைக்கும், அது இயற்கைக் கல்லு. எத்தனை வேணாலும் செய்ய முடியும்ங்கறதால லேப் கல்லு விலை வருஷா வருஷம் இறங்குது. பெரிய வைரக் கம்பெனியான டி பியர்ஸ் 2018ல ஒரு கேரட் 800 டாலர்னு லேப் நகை விக்க ஆரம்பிச்சு 2025ல அதை மூடுறோம்னே சொல்லிட்டாங்க. பொண்ணு ஆசைப்பட்டா தனியா காசு குடுத்து வாங்கிக் குடுங்க, அழகா இருக்கும், சேமிப்பா மட்டும் நெனைக்காதீங்க. பழைய இயற்கைக் கல்லைக் குடுத்து அதை வாங்கறதுங்கறது எனக்கு மனசே ஒப்பல.

உங்களுக்குப் பழக்கமான ஆசாரிகிட்ட, நீங்க பக்கத்துல உக்காந்திருக்க, பதினாலு கல்லையும் கழட்டுங்க. கழட்டறதுக்கு முன்னாடி தோட்டை எடை போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. ஒவ்வொரு கல்லையும் தனியா எடை போடணும், 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம். நடுக்கல்லு பெருசா இருந்தா வைரத்தை சோதிச்சு சர்டிபிகேட் குடுக்கற ஜி.ஐ.ஏ. இல்ல ஐ.ஜி.ஐ. கிட்ட சர்டிபிகேட் வாங்கலாம், பொடிக்கல்லுக்கு அந்த செலவு தேவையில்ல, ஒரு ஜெமாலஜிஸ்ட் (ரத்தினக்கல் நிபுணர்) பாத்து எழுதிக் குடுத்தா போதும். அப்புறம் அதே கல்லை பின்பக்கம் திறந்த கட்டுல புது தங்கத்துல பதிக்கச் சொல்லுங்க. எந்தக் கடையில எது வாங்கினாலும் பில்லுல தங்கத்தோட நிகர எடை தனியா, கல்லு எடை தனியா, கல்லு இயற்கையா லேபான்னு எழுத்துல வேணும்னு கேளுங்க, ஏன்னா ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.