கொரோனா வந்தபோது அப்பாவின் உடம்பு ஏன் உடனே எதிர்க்கவில்லை?

கேள்வி: 2021 மே மாதம் என் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. அப்போது அவருக்கு வயது 62. சர்க்கரை நோயும் உண்டு. முதல் சில நாள் லேசான தொண்டைக் கரகரப்புதான். எட்டாம் நாள் ஆக்சிஜன் குறைந்து, ஐ.சி.யூ. வரை போய்ப் பிழைத்தார். "உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, அதான்" என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து விதவிதமான பொடிகளை வாங்கிச் சாப்பிடுகிறார். அவர் உடம்பு ஏன் ஆரம்பத்திலேயே எதிர்க்கவில்லை?
- வாசகி, திருச்சி

பதில்: அப்பா மீண்டு வந்தது பெரிய ஆறுதல். உறவினர்கள் சொல்வதை அவர் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவரைவிடத் திடமானவர்களையும் இந்த வைரஸ் ஏமாற்றியிருக்கிறது.

ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால், சில மணி நேரத்தில் அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க வேண்டும். 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டறிந்தது இது. ஆலைச் சங்கு மாதிரி அது ஒலித்ததும் பக்கத்துச் செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிட்டு, வைரஸ் பெருக முடியாதபடி தயாராகிவிடும். ஆரம்பக் காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் இந்தத் தயாரிப்பின் விளைவுதான். கொரோனா முதலில் கை வைப்பது இங்கேதான்.

வைரஸ் தன் மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது இரட்டை இழை உருவாகும். அதைக் கண்டுபிடிக்கவே நம் செல்லில் எம்.டி.ஏ.5 போன்ற புரதங்கள் இருக்கின்றன. கொரோனாவோ செல்லின் சவ்வையே வளைத்து இரட்டைச் சுவர்ப் பைகள் செய்து, நகலெடுக்கும் வேலையை அதற்குள் ஒளித்துவிடுகிறது. வெளியே வரும் ஆர்.என்.ஏ.வின் முனையில், நம்முடையதில் இருப்பது போன்ற வேதித் தொப்பியும் மாட்டியிருக்கும். அதனால் அந்நியம் என்று எளிதில் தெரியாது.

அப்படியும் தெரிந்துவிட்டால்? வைரஸிடம் என்.எஸ்.பி.1 என்ற சிறிய புரதம் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குள், செல்லின் உத்தரவைச் சுமந்துவரும் எம்.ஆர்.என்.ஏ. நுழையும் வழியில் அது தன் வால் பகுதியைச் செருகி அடைத்துவிடும். செல் இன்டர்ஃபெரானுக்கான உத்தரவைப் பிறப்பித்தும் அதைப் படிக்க வழியில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு மட்டும், அதன் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு மடிப்பின் தயவால், வழி கிடைக்கிறது. இத்தனை ஆண்டு படித்தும் இந்த நுணுக்கம் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது. இதோடும் நிற்கவில்லை. வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் வந்து தகவல் சொன்னாலும், அதை உட்கருவுக்கு எடுத்துச் செல்லும் புரதங்களை ஓ.ஆர்.எஃப்.6 என்ற இன்னொரு வைரஸ் புரதம் உட்கருவின் துளையிலேயே மறித்துவிடுகிறது.

அப்பாவின் அமைதியான முதல் நாட்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம். அந்த அவகாசத்தில் வைரஸ் நுரையீரல் வரை பெருகிவிடுகிறது. எதிர்ப்பு தாமதமாக, அளவுக்கு மீறி எழும்போது நுரையீரலே வீங்கி ஆக்சிஜன் குறைகிறது. வயதும் சர்க்கரையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இன்னொரு காரணமும் 2020-ல் தெரியவந்தது: உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்களில் குறைந்தது 10 சதவீதம் பேருக்குத் தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் முன்பே இருந்தன. பெரும்பாலோர் ஆண்கள். அப்பாவுக்கும் இருந்தது என்று சொல்லவில்லை. நோய் கடுமையானதற்கு அவர் சாப்பாட்டையோ பழக்கத்தையோ குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பொடிகள்? என்.எஸ்.பி.1 போட்ட அடைப்பை எடுத்துவிடும் என்று நிரூபிக்கப்பட்ட பொடி எதுவும் கிடையாது. இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பை அது குறைக்கவில்லை. பொடி டப்பாக்களை அடுத்த முறை உங்கள் சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்கள். சிலவற்றில் வெல்லமோ சர்க்கரையோ கலந்திருக்கும். தடுப்பூசி வேறு வகை. அது முன்கூட்டியே ஆன்டிபாடிகளையும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களையும் தயார் செய்துவிடுவதால், முதல் எச்சரிக்கை அமுக்கப்பட்டாலும் உடம்பு நிராயுதபாணியாக நிற்காது. அவருக்கு இனி எப்போது போடலாம் என்பதையும் அதே டாக்டரிடம் கேளுங்கள்.

மறுபடி காய்ச்சல், சளி வந்தால் காத்திருக்காமல் பரிசோதியுங்கள். கொரோனா உறுதியானால், நிர்மாட்ரெல்விர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். அது வேறு பல மருந்துகளோடு ஒத்துப்போகாது என்பதால் அப்பாவின் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனை. அப்புறம், 2021-ல் மிச்சமான டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் கட்டத்தில் உயிர் காக்கும் மருந்து அது. ஆரம்பத்தில் கொடுத்தால் பலன் இல்லை, சர்க்கரை ஏறும். அந்த ஆண்டு நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை தாக்கியவர்களில் பலர், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகள்தான்.