முதுகில் போடும் ஊசி: வாசகர் கேள்வி, மருத்துவர் குழு பதில்

முதுகுவலிக்குத் தண்டுவட உறைக்கு வெளியே போடும் ஸ்டீராய்டு ஊசி, அதாவது எபிடூரல் ஊசி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எனக்கு வயது 38. திருப்பூரில் தையல் வேலை. ஏழு வாரமாக இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கிறது. எல்4–எல்5 (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையிலான) ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். டாக்டர் முதுகில் ஊசி போடலாம் என்கிறார். அக்கம்பக்கத்தில் "கால் விழுந்துடும், வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இடுப்பு அதிகம் வலிக்கிறதா, கால் அதிகம் வலிக்கிறதா? முதலில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள். இந்த ஊசி இடுப்புவலிக்கான ஊசி அல்ல. விலகிய ஜவ்விலிருந்து கசியும் பொருள்கள் பக்கத்து நரம்பு வேரைப் புண்ணாக்குவதால் காலில் இறங்கும் வலிக்கானது. கால் விரல் வரை இழுக்கும் உங்களைப் போன்றவர்களுக்குப் பேசவேண்டிய விஷயம்தான். இடுப்பு மட்டும் வலிப்பவர்களுக்கு ஊசியின் ஆபத்து முழுதாக உண்டு, பயன் ஏறக்குறைய இல்லை.

ஊசி ஜவ்வை உள்ளே தள்ளாது. நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும், அவ்வளவே. பிதுங்கிய ஜவ்வைப் பெரும்பாலானோருக்கு உடம்பே மெல்லக் கரைத்துவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கால்வலி பலருக்குத் தணிந்துவிடுகிறது. அந்த இடைப்பட்ட காலத்தைத் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய்க் கடக்க ஊசி உதவும். நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். மாத்திரையிலும் பிசியோதெரபியிலும் இப்போதே வலி குறைந்துகொண்டு வந்தால், இன்னும் சில வாரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. இரவில் படுக்கவே முடியவில்லை என்றால் ஊசிக்கு நியாயம் இருக்கிறது.

பயனை மிகைப்படுத்தியும் சொல்லக்கூடாது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, சியாட்டிக்கா (நரம்பு வேர் பாதிப்பால் காலில் இறங்கும் வலி) நோயாளிகளிடம் நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 100 புள்ளி வலி அளவுகோலில், ஊசி போட்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளிதான் குறைந்திருந்தது, அதுவும் குறுகிய காலத்துக்கு. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், புதிதாக வந்த கடுமையான சியாட்டிக்காவுக்கு ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 2025-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகுத்தண்டு வலிக்கு இந்த ஊசி வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. இரண்டும் முரண்போலத் தோன்றலாம், ஆனால் பேசுவது வேறு வேறு நோயாளிகளைப் பற்றி. நாள்பட நாள்பட ஊசிக்கான வாதம் பலவீனமாகிறது.

இனி "கால் விழுந்துடும்" என்ற பயம். மிக மிக அரிது, ஆனால் கட்டுக்கதை அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரலில், இந்த ஊசியால் அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, கைகால் செயலிழப்பு, மரணம் நேரலாம் என்று எச்சரித்தது. ஸ்டீராய்டை எபிடூரல் இடத்தில் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புதல் தந்ததே இல்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் அனுபவத்தின் பேரில் பயன்படுத்தி வருகிறார்கள். இது உங்களிடம் சொல்லப்படவேண்டிய தகவல்.

எப்படி நேர்கிறது? நரம்பு வெளியேறும் பக்கவாட்டுத் துளை வழியாக ஊசி போடும்போது, அதே துளையில் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம். அடிமுதுகின் மேல்பகுதியில், பெரும்பாலும் இடதுபக்கம், ஆதாம்கீவிச் தமனி என்ற முக்கியமான குழாய் நுழைகிறது. ஊசிமுனை குழாய்க்குள் போய், மருந்தும் துகள் உள்ளதாக இருந்தால், துகள் போய் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத தண்டுவடப் பகுதி செத்துவிடும்.

ஆகவே மருந்தின் பெயர் முக்கியம். நம் ஊரில் பெரும்பாலும் மருந்தகத்திலிருந்து வாங்கிவரச் சொல்வதால், குப்பியை நீங்களே பார்க்கலாம். மெத்தில்பிரெட்னிசலோன் அசிடேட், டிரையம்சினலோன் இரண்டும் நிற்கவைத்தால் அடியில் வண்டல் தங்கி, குலுக்கினால் பால்போல் கலங்கும். துகள் உள்ள மருந்து இதுதான். டெக்ஸாமெத்தசோன் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். பக்கவாட்டுத் துளை வழி ஊசியென்றால் முதலில் டெக்ஸாமெத்தசோனையே எடுக்கவேண்டும் என்பது 2015-இல் பல மருத்துவச் சங்கங்கள் எஃப்.டி.ஏ.வுடன் சேர்ந்து வகுத்த பரிந்துரை. துகள் மருந்து கொஞ்சம் அதிக நாள் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். இருந்தாலும் முதல் ஊசிக்கு அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள். எந்த வழியாக, எந்த மட்டத்தில் (எந்த எலும்பு இடைவெளியில்)? எந்த ஸ்டீராய்டு, எத்தனை மி.கி.? ஓடும் படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து, சாய மருந்து செலுத்தியா? மூன்றாவதற்கு "அதெல்லாம் கைப்பழக்கம்மா" என்று பதில் வந்தால் அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள்.

முறையாக நடந்தால் இப்படி இருக்கும்: வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். தோலில் மரத்துப்போகும் மருந்து. பிறகு படத்தைப் பார்த்தபடி ஊசியை நகர்த்தி, 1–2 மி.லி. சாயம் விடுவார்கள். சாயம் நரம்பை ஒட்டிக் கோடுபோல் படர்ந்து அப்படியே நிற்கவேண்டும். மின்னிமறைந்தால் ஊசி ரத்தக்குழாயில் இருக்கிறது, இடம் மாற்றவேண்டும். ஓடும் படத்தில் பார்த்தால்தான் இது பிடிபடும், நிறுத்தி எடுத்த ஒற்றைப் படத்தில் தப்பிவிடும். நீங்கள் விழித்திருப்பதும் பாதுகாப்பே. காலில் ஷாக் அடித்ததுபோல் இருந்தால் உடனே சொல்லலாம். முழு மயக்கத்தில் சொல்ல முடியாது.

அன்று கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம். மாடிப்படி, வண்டி இரண்டும் வேண்டாம். மரத்துப்போகும் மருந்து தீர்ந்ததும் பழைய வலி திரும்பும், பயப்படாதீர்கள். ஸ்டீராய்டு வேலைசெய்ய இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகும்.

பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறது, சிறுநீர் கழிக்க வரவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றால் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. ஊசிக்கு நேரமில்லை, அன்றே முதுகுத்தண்டு அறுவை நிபுணரிடம் போகவேண்டும்.

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை 12 வருடமாக. போன வருடம் ஸ்டென்ட் வைத்து, குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து உட்கார்ந்துவிடுகிறார். தண்டுவடப் பாதை குறுகியிருப்பதாகச் சொல்லி ஊசிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். – மதுரை

நாள் குறிக்கும் முன்பே பேசியிருக்கவேண்டிய விஷயங்கள் உங்கள் கடிதத்தில் மூன்று இருக்கின்றன.

முதலாவது, நோயே வேறு. பாதை குறுகுவது எலும்பும் தடித்த தசைநாரும் சேர்ந்து நெருக்குவதால். மருந்து அதைக் கரைக்காது. 2014-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 400 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு கலந்த மருந்தும் மீதிப் பேருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டுப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. நைஸ் வழிகாட்டுதலும் இதற்கு ஊசி வேண்டாம் என்கிறது. நடந்தால் கால் கனப்பது காலின் ரத்தக்குழாய் அடைப்பாலும் வரும். சர்க்கரையும் இதயநோயும் உள்ளவரிடம் அதைப் பார்த்தே ஆகவேண்டும். குனிந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ வலி வராமல், நிமிர்ந்து நடந்தால் மட்டும் வந்தால் முதுகுதான் காரணமாக இருக்கும். நின்றாலே போதும், உட்காரவேண்டாம், வலி அடங்கிவிடுகிறது என்றால் ரத்தக்குழாயைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல். இதைச் சாப்பிடும்போது ஊசி போட்டால், மூடிய குழாயான தண்டுவடப் பாதையில் ரத்தம் கட்டி நரம்பை நசுக்கலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எடுக்காவிட்டால் கால் திரும்பாது. ஆகவே வழக்கமாக 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் புதிதாக இருக்கையில் நிறுத்தினால் அது அடைத்து மாரடைப்பு வரலாம். முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இப்படிப்பட்ட தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைக்காக நிறுத்தச் சொல்வது சரியல்ல. ஸ்டென்ட் வைத்த தேதி, வகை இரண்டையும் எழுதிக்கொண்டு இதய மருத்துவரிடமே கேளுங்கள், அவர் எழுத்தில் தரட்டும். "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்று ஊசி போடுமிடத்தில் வாய்ப்பேச்சாகச் சொன்னதை வைத்து நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு வேறு: 5 நாள் நிறுத்தி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்த பிறகே.

மூன்றாவது, சர்க்கரை. ஊசி போட்ட அன்றே ஏறத்தொடங்கி சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கும். காலை வெறும்வயிற்றில் 200-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். போட்டால் ஒரு வாரம் தினமும் வெறும்வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி கழித்தும் வீட்டிலேயே பாருங்கள். 300-ஐத் தொட்டால் மாத்திரையை நீங்களாகக் கூட்டாமல் சர்க்கரை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் கருத்து: இவருக்கு இழப்பதற்கு அதிகம், கிடைப்பதற்குக் கொஞ்சம். குனிந்து செய்யும் பயிற்சி, கைத்தடி, காலின் ரத்த ஓட்டப் பரிசோதனை. இவற்றை முடித்துவிட்டு, நடக்க முடியாத நிலை தொடர்ந்தால் அறுவை நிபுணரின் கருத்து.

மூன்று ஊசி சேர்த்துப் போட்டால்தான் பலன், பேக்கேஜாகக் கட்டினால் குறைவு என்கிறார்களே?

மூன்றைச் சேர்த்தே போடவேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் ஊசிக்குப் பின் இரண்டு வாரம் பொறுங்கள். நன்றாகக் குறைந்தால் இரண்டாவது எதற்கு? துளிகூடக் குறையவில்லை என்றால் அதே இடத்தில் அதே மருந்தை மறுபடி போட்டு என்ன பயன்? பாதி குறைந்து மறுபடி ஏறினால் மட்டும் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போகக்கூடாது என்பதே பரவலான வரம்பு.

அந்தக் கணக்கில் முழங்காலிலும் தோளிலும் போட்ட ஸ்டீராய்டு ஊசிகளையும் சேர்க்கவேண்டும், யாரும் சேர்ப்பதில்லை. மூட்டுவலிக்குப் பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து எலும்பு மெலியும், முகம் உப்பும், உடம்புக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். ஒரே ஊசிக்குப் பிறகும் அந்தச் சுரப்பி தேற மூன்று வாரம் ஆகலாம். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் முதுகில் அறுவை செய்தால் சீழ்பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது, தேதியை அறுவை நிபுணரிடம் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி.க்கு ரிடோனாவிர் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அது ஸ்டீராய்டை உடம்பிலிருந்து வெளியேறவிடாது.

கழுத்தில் போடுவதும் இதே ஊசிதானே?

மருந்து ஒன்று, ஆபத்து வேறு. கழுத்தில் மூளைக்குப் போகும் குழாயே பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டுத் துளை வழியாகத் துகள் மருந்து போடவே கூடாது. பின்பக்கமாக, கழுத்தின் அடியில் சி7–டி1 (கழுத்தின் கடைசி எலும்புக்கும் மார்புப் பகுதியின் முதல் எலும்புக்கும்) இடைவெளியில், அதற்கு முன் எம்.ஆர்.ஐ.யில் அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும். சி6–சி7-க்கு மேலே வேண்டாம்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் ஆறு வருடமாக இடுப்புவலி என்று நினைக்கிறேன். இப்போது மறுபடி முதுகில் ஊசியா?

அது வேறு ஊசி. சிசேரியனுக்குப் பெரும்பாலும் தண்டுவட உறைக்குள் மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்து மட்டும் விடுவார்கள், ஸ்டீராய்டு கிடையாது. போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆறு வருட வலிக்கு அது காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. தளர்ந்த வயிற்றுத் தசையும், குழந்தையை இடுப்பில் சுமப்பதும், குனிந்து பால் கொடுப்பதும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வலி காலில் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எபிடூரல் ஊசியும் உங்களுக்கானதல்ல.

ஊசி போட்ட மறுநாளிலிருந்து தலைவலி. முகமும் சிவந்திருக்கிறது. பயப்படவேண்டுமா?

முகம் சிவப்பது, இரண்டு மூன்று இரவு தூக்கம் வராதது, மாதவிலக்கு முன்பின் ஆவது எல்லாம் ஸ்டீராய்டால் வருபவை, தானே போகும். தலைவலியைச் சோதித்துப் பாருங்கள்: எழுந்து உட்கார்ந்தால் கொல்கிறது, படுத்தால் சில நிமிடத்தில் அடங்குகிறதா? அப்படியென்றால் தண்டுவட உறையில் ஓட்டை விழுந்து நீர் கசிகிறது. படுத்து, நிறைய தண்ணீரும் காபியும் குடித்தால் பலருக்குச் சில நாளில் சரியாகும். ஆகாவிட்டால் உங்கள் கையிலிருந்தே 15–20 மி.லி. ரத்தம் எடுத்து ஓட்டைக்கு அருகே செலுத்தி அடைப்பார்கள்.

படுத்தாலும் போகாத தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு என்றால் அது தொற்றாக இருக்கலாம். 2012-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருந்துக்கூடம் ஒன்றில் தயாரான மெத்தில்பிரெட்னிசலோனில் பூஞ்சை கலந்து, 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய் வந்து 64 பேர் இறந்தார்கள். பலருக்கு அறிகுறி தெரிய வாரக்கணக்கில் ஆனது. ஆகவே "போட்டு மூணு வாரம் ஆச்சே, அதுவா இருக்காது" என்று ஒதுக்காதீர்கள். ஊசி போடும்போது ஒருவருக்கு ஒரு குப்பி, உங்கள் முன்னால் உடைக்கப்பட்டதா என்று பார்ப்பதும் தொற்றைத் தவிர்க்கத்தான். பலருக்கும் எடுத்த பெரிய குப்பியின் மிச்சம் வேண்டாம்.

கால் மரத்தது மணிக்கணக்கில் தெளியாமல் பலவீனம் கூடினாலோ, முதுகுவலி திடீரென முற்றினாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ காலை வரை காத்திருக்கவேண்டாம். நடு இரவானாலும் எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகுத்தண்டு அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், மட்டம் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.