76 ஏக்கரையும் புல்லுக்கு விடலாமா?

கேள்வி: டி மோய்னில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. எட்டு மாதம் முன்பு தெற்கு அயோவாவில், ரிங்கோல்டு கவுன்ட்டியில் 80 ஏக்கர் வாங்கினேன். அதில் 76 ஏக்கர் விளைநிலம். உள்ளூர் விவசாயி ஒருவர் ஏக்கருக்கு 200 டாலர் குத்தகை கொடுத்து மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போடுகிறார். ஓடையோரம் 16 ஏக்கர் சரிவு, மழை பெய்தால் மண் கரைந்து ஓடுகிறது. பயிரை நிறுத்திப் புல் வளர்த்தால் அரசே வாடகை தரும் சி.ஆர்.பி. திட்டத்தில் ஏக்கருக்கு 180 டாலர் வரும், ஓடையோரத்துக்கு மட்டும் என்றால் 165 என்று கவுன்ட்டி அலுவலகத்தில் சொன்னார்கள். தலைவலியே வேண்டாம் என்று மொத்தத்தையும் விட்டுவிடலாமா? ஏழெட்டு வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகும்போது விற்கும் எண்ணமும் இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் தம்பி, பாதிப் பணம் போட்டு நிலத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்கிறான்.

பதில்: மொத்தத்தையும் விடாதீர்கள். அந்த 16 ஏக்கரை மட்டும் விடுங்கள்.

200 டாலரையும் 165 டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குத்தகைதான் லாபம் என்று தோன்றும். ஆனால் 200 என்பது சராசரி. மேட்டு நிலத்தின் நல்ல மண்ணும் ஓடையோரத்துக் களிமண்ணும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நீங்கள் அனுப்பிய படத்தில் ஓடைப் பக்கம் சோளத்தட்டை முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக நிற்கிறது. நடுவில் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். அந்த இடத்துக்கு எந்த விவசாயியும் மனமறிந்து 200 தர மாட்டார். குத்தகைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த 16 ஏக்கர் இல்லாமல், மீதி 60 ஏக்கருக்கு என்ன தருவீர்கள்?”

225 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 ஏக்கருக்கு 13,500 டாலர். இப்போது 76 ஏக்கருக்கு 15,200 வருகிறது. ஆக, அந்த 16 ஏக்கர் உங்களுக்கு உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது 1,700 டாலர்தான், ஏக்கருக்கு 106. அதையே சி.ஆர்.பி.யில் விட்டால் 2,640. இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 16,140. மொத்தத்தையும் விட்டால் 13,680-ஓடு நின்றுவிடும். புல்விதை போடும் செலவில் பாதி வரை அரசு தரும்; உங்கள் பங்கு ஏக்கருக்கு 100 டாலர் ஆனாலும் இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடலாம். அவர் 210-தான் தருவேன் என்றால் கணக்கு மாறும், அதனால் முதலில் கேட்டுவிடுங்கள்.

மண் அரிப்பைத் தடுக்கவும், விளைச்சல் மிஞ்சி விலை விழுந்த காலத்தில் சாகுபடிப் பரப்பைக் குறைக்கவும் 1985-ல் கொண்டுவந்த திட்டம் இது. சுமாரான நிலத்தை மனதில் வைத்துத்தான் வாடகையையும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் விற்பனை. ஒப்பந்தம் 10 முதல் 15 வருடம். நடுவில் விற்றால் வாங்குகிறவர் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு ஏற்றுக்கொள்ளலாம். அவர் மறுத்தால், அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு வருட வாடகையில் 25 சதவீதம் அபராதம். 80-ல் 16 ஏக்கர் புல் என்றால் வாங்குகிறவர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார். மொத்தமும் புல்லாக இருந்தால், உழ நினைக்கும் பக்கத்து நிலத்து விவசாயி வரவே மாட்டார். அயோவாவில் நல்ல விலை கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அவசரப்பட்டு விதை வாங்கிவிடாதீர்கள். விண்ணப்பிக்க நிலம் 12 மாதமாவது உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும் (வாரிசாக வந்ததற்கு விலக்கு உண்டு). ஒப்புதலுக்கு முன்பே வேலையைத் தொடங்கினால் அரசு தரும் செலவுப் பங்கு போய்விடும். இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான 2018-ன் விவசாயச் சட்டத்தை நீட்டித்து நீட்டித்துத்தான் ஓட்டுகிறார்கள் என்பதால், விண்ணப்பம் எப்போது வாங்குகிறார்கள் என்று அலுவலகத்தில் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருங்கள். திட்டத்தில் சேர்ப்பதற்காகக் குத்தகைக்காரரை வெளியேற்றினால் உங்கள் விண்ணப்பமே செல்லாமல் போகலாம். அயோவாவில் வாய்மொழிக் குத்தகையும் தானாகவே தொடரும். முடிக்கவோ மாற்றவோ செப்டம்பர் 1-க்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் அடுத்த மார்ச் 1-ல் முடியும். அந்தத் தேதியைத் தவறவிட்டு ஒரு வருடம் காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மீதி 60 ஏக்கரில் மூடுபயிர் (அறுவடைக்குப் பிறகு மண்ணைப் போர்த்தி வைக்கும் பயிர்) போட உதவும் ஈக்விப் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பயிர் வைக்கிறவர் குத்தகைக்காரர் என்பதால் அவர் விண்ணப்பிப்பதுதான் பொருத்தம். செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும்; அவர் விவசாயத்துக்கு வந்து பத்து வருடம் தாண்டவில்லை என்றால் 90 வரை.

வரி பற்றி உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை. சி.ஆர்.பி. வாடகைக்குச் சுயதொழில் வரியும் (15.3 சதவீதம் வரை) உண்டு என்பது வரித்துறையின் நிலைப்பாடு. தானே விவசாயம் செய்யாத நில உரிமையாளருக்கு அந்த வரி வராது என்று 2014-ல் மோர்ஹவுஸ் வழக்கில் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயோவா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. வரித்துறை இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்றாலும் உங்களுக்கு அது பெரிய துணை. சராசரி வருமானம் வருடத்துக்கு 9 லட்சம் டாலரைத் தாண்டினால் திட்டப் பணம் கிடையாது. அந்தக் கவலை உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

தம்பி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அயோவாவில் விளைநிலம் வாங்க மாநிலச் சட்டம் சில விலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை. 1978-ன் மத்தியச் சட்டப்படி இப்படிப்பட்டவர் விளைநிலத்தில் பங்கு எடுத்தால் 90 நாளுக்குள் விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். சி.ஆர்.பி. பணத்திலும் சிக்கல் வரும். கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, குத்தகைக்காரரிடம் விலை பேசும்போது புல்லுக்கும் பயிருக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே போடுவது என்றும் அவரையே கேளுங்கள். அறுவடை இயந்திரம் நேராகப் போய்த் திரும்ப இடம் விட்டால்தான் அவர் 225-க்குச் சம்மதிப்பார். ஓடை வளைகிற மாதிரியே கோணல்மாணலாகப் போட்டால் அதற்கும் ஒரு பத்து டாலர் குறைப்பார்.