கேள்வி–பதில்: போக மறுக்கும் 5ஆம் ஹார்மோனிக்

கேள்வி: 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் விமான மின்சாரத்தை 28 வோல்ட் டிசி ஆக்கும் டிஆர்யு (டிரான்ஸ்பார்மரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த கருவி) மாதிரி ஒன்று செய்திருக்கிறோம். செகண்டரியில் ஸ்டார் இணைப்பில் 4 சுற்று, டெல்டா இணைப்பில் 7 சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக்டிஃபையர் பிரிட்ஜ். இரண்டு பிரிட்ஜும் பேரலல். 5ஆம் ஹார்மோனிக் (சப்ளை அதிர்வெண்ணின் 5 மடங்கில் வரும் அலை) அழிந்துபோக வேண்டும், ஆனால் இன்புட் கரண்டில் 4% நிற்கிறது. ஏன்?

பதில்: ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் 30 டிகிரி கோண வித்தியாசம் இருப்பதால், ஒரு பிரிட்ஜின் 5ஆவதை மற்றதின் 5ஆவதும், 7ஆவதை 7ஆவதும் அழிக்கும்; ஆனால் இரண்டும் சரிபாதி கரண்ட் எடுத்தால்தான். தனி பிரிட்ஜில் 5ஆவது, ஏட்டுக் கணக்கில், 20%. பங்கீடு 60-40 ஆகிவிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதுதான் உங்கள் 4%.

டெல்டாவுக்கு ஸ்டாரைப் போல 1.732 மடங்கு சுற்று வேண்டும். 7/4 போட்டால் 1.75. டெல்டா பக்கம் 1% கூடுதல், அதாவது 28 வோல்ட்டில் சுமார் 0.3 வோல்ட். சின்ன எண்தான், ஆனால் உள்தடையும் சின்னது. கரண்ட் அந்தப் பக்கமே சாயும். லோடைக் குறைத்துப் பாருங்கள். சதவீதம் ஏறினால் சுற்று விகிதம்தான் குற்றவாளி. அப்படியே நின்றால் வயர் நீளத்தையும் ஜாயின்ட்டுகளையும் சரிபாருங்கள்.

இரண்டு பிரிட்ஜின் டிசி பக்கங்களை இணைக்கும் இன்டர்ஃபேஸ் (interphase) டிரான்ஸ்பார்மர் இதைத் தீர்க்காது. அது ஏசி வித்தியாசத்தைத் தாங்கும். டிசி வித்தியாசம் வந்தால் அதன் கோரே காந்தம் நிரம்பி சாச்சுரேட் ஆகிவிடும். செகண்டரியை 11, 19 சுற்று ஆக்கினால் பிழை 0.3%, ஆனால் பிரைமரியிலும் சுற்று கூடும். எடை இடம் கொடுத்தால் இரண்டு தனி கோர் எடுத்து, ஸ்டார்-டெல்டாவை பிரைமரிக்கு மாற்றுங்கள்: 41, 71 சுற்று. விகிதம் 1.7317. செகண்டரி இரண்டும் அச்சு அசலாக ஒன்றே.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? 5ஆவதுக்கு ஒரு எல்சி ஃபில்டர் (சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போதாதா?

பதில்: 400 ஹெர்ட்ஸ் அசையாமல் நின்றால் 2,000 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்யலாம். போயிங் 787 போன்றவற்றில் அதிர்வெண் எஞ்சின் வேகத்தோடு 360 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை ஓடும். 5ஆவது 1,800க்கும் 4,000க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கும். கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்டும் அதிர்வெண்ணோடு ஏறும். ஸ்டார்-டெல்டாவின் 30 டிகிரி கோணமோ எந்த அதிர்வெண்ணிலும் 30 டிகிரிதான். 11, 13ஆவதும் போக வேண்டுமென்றால் மூன்று பிரிட்ஜ், 20 டிகிரி இடைவெளி. அதுதான் 18 துடிப்பு அமைப்பு.

சோதனையில் 3ஆவது தலைகாட்டினால் முதலில் சப்ளையின் மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் அளந்துவிட்டு டிரான்ஸ்பார்மரைத் திறந்து பாருங்கள்.