ஒன்பது பேருக்கு ஒரு வைஸ் பிரசிடென்ட் – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் ஸ்டார்ட்அப்புக்கு இரண்டு வயது. ஒன்பது இன்ஜினியர்கள். நான்தான் சிடிஓ, அதாவது தொழில்நுட்பத் தலைவர். பாதி நாள் கோடு எழுதுகிறேன், மீதி நாள் இன்டர்வியூவிலும் மீட்டிங்கிலும் போய்விடுகிறது. ரிலீஸ் எல்லாம் தள்ளிப்போகிறது. பெரிய நிறுவனத்திலிருந்து வைஸ் பிரசிடென்ட் ஒருவரைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் முதலீட்டாளர்கள். முதல் நாளிலிருந்து எங்களோடு இருக்கும் சீனியர் ஒருவர் இருக்கிறார். வெளியாள் வந்தால் இவர் போய்விடுவாரோ என்று பயம். என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஆறு பேர் இருந்த டீமுக்கு, பல நூறு பேரை நிர்வகித்த ஒருவரை எடுத்தேன். இன்டர்வியூவில் அவர் பேசப் பேச எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவருடைய தகுதி என்று நினைத்துக்கொண்டேன். சேர்ந்த முதல் வாரமே வெள்ளைப் பலகையில் நாற்பது கட்டம் போட்டார். ஆறில் பெயர் இருந்தது, மற்றதெல்லாம் ‘ஆள் எடுக்க வேண்டும்’. இரண்டாம் மாதம் ஒரு நள்ளிரவில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. போன் காலில் வந்தவர், “ஆன்கால் டீம் எங்கே?” என்று கேட்டார், நள்ளிரவுக் கோளாறைப் பார்க்கவென்றே முறை போட்டு வைத்திருக்கும் ஆட்களை. ஒருத்தரும் பேசவில்லை. மொத்த டீமும் அந்தப் போன் காலில்தான் இருந்தது. ஏழாம் மாதம் பிரிந்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கூட்டி வந்தது நான்.

தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி விஞ்ஞானி ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். ஒன்பது பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 36 வழிகள். இருபது பேரானால் 190. பெரிய இடத்திலிருந்து வருகிறவர் பெரும்பாலும் முதலில் தொடுவது ஆள் எடுப்பதைத்தான்.

அதனால் முதலில் உங்கள் காலண்டரைத் திறந்து கடந்த நான்கு வாரத்தைப் பாருங்கள். இன்டர்வியூ, சம்பளப் பேச்சு, இருவருக்குள் தகராறு என்று நேரம் போயிருந்தால் உங்களுக்குத் தேவை ஒரு மேனேஜர். ஒவ்வொரு டிசைன் முடிவும் உங்கள் மேஜையில் காத்துக்கிடந்தால் வேண்டியது மேனேஜர் இல்லை, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு சீனியர். இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

வெளியாள்தான் என்றானால், “ஒருவரைக்கூடப் புதிதாக எடுக்காமல் முதல் 60 நாளில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் எவ்வளவு சில்லறை விஷயமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவருக்கு மேலே இருந்தவர்களைவிடக் கீழே வேலை பார்த்தவர்களிடம் விசாரியுங்கள். அவர் கூப்பிட்டார் என்பதற்காகவே அடுத்த கம்பெனிக்குப் போனவர் யாராவது உண்டா? பதவிப் பெயரைச் சின்னதாகவே வையுங்கள். பின்னால் ஏற்றலாம், இறக்க முடியாது. அப்புறம் அவருக்குக் கொடுக்கும் கம்பெனிப் பங்கு. வழக்கமாக நான்கு வருட வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும்; முதல் வருடம் கிளிஃப், அது முடியும்வரை ஒன்றும் கிடைக்காது. ஆள் சரியில்லை என்று நான்காம் மாதமே தெரிந்துவிடும். பதினொன்றாம் மாதம் வரை தள்ளிப்போட்டால் அது பங்குச் சண்டையாக மாறும்.

சரி, அந்த சீனியர். பயம் என்று எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் கேட்டதாக எழுதவில்லை. நல்ல இன்ஜினியர்கள் பலருக்கு மேனேஜர் ஆகவே பிடிக்காது. பிடித்தவர்களிலும் சிலர் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேட்கட்டும் என்று இருப்பார்கள். ஆசை இருந்தால் மூன்று பேரை மூன்று மாதம் அவரிடம் விட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் சம்பளம் குறையாமல் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆசை இல்லையென்றால் இன்டர்வியூவில் உட்காரவைத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள். நாளை அந்த ஆளிடம் வேலை பார்க்கப்போவது அவர்தானே.

எப்படியானாலும் விளம்பரம் போவதற்கு முன் பேசிவிடுங்கள். எங்கள் முதல் இன்ஜினியர் அதை வேலை விளம்பரத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். ராஜினாமா கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.