கடலுக்குப் பக்கத்து மனையில் நல்ல தண்ணீர் வருமா?

கோவளம் பக்கம் மனை தேடும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ஈ.சி.ஆர். ஓரம் கடலிலிருந்து 700 மீட்டரில் ஒரு மனை. கேளம்பாக்கம் போகும் வழியில் 2 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று, விலையும் குறைவு. தள்ளி இருப்பதில்தான் உப்பு இருக்காது என்கிறார் புரோக்கர். நம்பலாமா?"

நம்பாதீர்கள். தண்ணீர்தான் கவலை என்றால் முதல் மனையைப் பாருங்கள்.

சோழமண்டலக் கரை ஒரே சமவெளி இல்லை. கடலுக்கு இணையாகப் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. கடலை ஒட்டி மணல்மேடு. சவுக்கும் பனையும் நிற்கிற இடம். அதற்கு மேற்கே பள்ளம். உப்பங்கழி, சதுப்பு, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் அதில்தான். அதையும் தாண்டினால் மேட்டு நிலம். மணலில் பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். பள்ளத்திலோ, முகத்துவாரம் திறந்திருக்கும்போதெல்லாம் கடல் தண்ணீர் கழிக்குள் ஏறி இறங்குகிறது. கடல் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் உப்பு மனையின் வாசலில் நிற்கும். கேளம்பாக்கத்தில் உப்பளம் போட்டதே அதனால்தான்.

இந்தப் பள்ளத்தைத்தான் கிராவல் கொட்டி மேடாக்கி விற்கிறார்கள். ஓரமாகப் போய் அரை அடி தோண்டிப் பாருங்கள். கீழே கறுப்புக் களிமண், காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், வரப்பில் உமரிச்செடி முளைத்திருக்கும். புரோக்கர் உங்களைத் தை மாதம் அழைத்துப் போவார். மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். சித்திரை, வைகாசியில் போங்கள். அவர் நீட்டும் பாட்டிலைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டு, அவர்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். 500க்குள் இருந்தால் நல்லது. 2000 தாண்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மணல்மேடு என்பதாலேயே கடைசிவரை இனிக்காது. அங்கே நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. பாறை குறுக்கே வந்தால் அவ்வளவு ஆழம் கிடைக்காது. அந்த 1 மீட்டரை மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவில்லாமல் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆகவே "ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர்" என்று அடிக்கணக்கில் காசு வாங்கும் போர்வெல்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆழம் குறைந்த உறைக்கிணறு போதும். மழைத்தண்ணீரை அதற்குள்ளேயே இறக்குங்கள். அக்கம்பக்கத்தார் ஆழமாகப் போட்டு இறைத்தால் உங்கள் கிணறும் சேர்ந்து கெடும்; அதனால் அவர்களோடும் பேசுங்கள்.

அப்புறம் அப்ரூவல். அது தண்ணீருக்குச் சான்று இல்லை. சதுப்பைத் தரிசு என்று எழுதி வைத்த பதிவேடுகளை இத்தனை வருடம் கழித்தும் சரியாகத் திருத்தவில்லை, அவதி வாங்குகிறவருக்கு. கடற்கரையில் கட்டடம் கட்ட 500 மீட்டர் கட்டுப்பாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கழியோரத்துக்கும் தனி எல்லை உண்டு என்பதைப் புரோக்கர் வாய் திறந்து சொல்ல மாட்டார். முன்பணம் கொடுக்கும் முன், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். சர்வே எண்ணுக்கு நேரே கழுவெளி (சதுப்பு), உப்பளம், ஓடை என்று எதையாவது பார்த்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.